இருபத்துநான்கு முட்டைச் சைவக் கேக்

எங்கள் குடும்பத்துக்கு அந்நாளில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, கேக் சைவ உணவு என்பது. மற்றது, எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை என்பது. இரண்டையும் நிரூபித்துக் காட்டும்படி யாரும் கேட்டதில்லை. ஆகவே இரண்டும் நல்ல தேகசுகத்துடன் இருந்தன.

முதல் நம்பிக்கைக்கு ஆதாரம் அட்டைப்பெட்டி. கேக் என்பது கொழும்பிலிருந்து ரயிலில், ரிப்பன் கட்டிய பெட்டியில் வருவது. பெட்டியைத் திறந்தால் உள்ளே முட்டை எதுவும் தென்படாது. மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் ‘மச்சம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் வாசல் படலைக்கு வெளியே நிறுத்தியிருந்த என் அம்மா, வெள்ளிக்கிழமையிலும் கேக்கில் ஒரு துண்டை மன அமைதியோடு சாப்பிடுவார்.

இரண்டாவது நம்பிக்கைக்கு ஆதாரம் என் சிநேகிதி. அவள் குருநகர்க் கத்தோலிக்கப் பெண், தகப்பன் கடற்தொழிலாளி. உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். அன்று தொடங்கி எட்டு வருடங்களாக எங்கள் மானிப்பாய் வீட்டுக்கு வந்துபோனாள். விறாந்தையில் அவள் வழக்கமாக இருக்கும் கதிரை ஒன்று உண்டு. தேநீர் குடிப்பதற்கு அவளுக்கென்றே ஒரு மூக்குப்பேணியும் உண்டு: உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அதை அவளே கிணற்றடியில் கழுவி, விறாந்தை மாடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவாள். “அது உம்மடை பேணி, வேறை ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை” என்று அம்மா அவளிடம் அன்பு ததும்பச் சொல்வார். அப்பா அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர். வாசிகசாலை மேடையில் சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடியவர். அந்தப் பேணி அவர் கண்ணில் ஒருநாளும் பட்டதாகத் தெரியவில்லை.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டில் நான் குசினிக்குள் பலகை போட்டிருந்து, அவர்களின் கோப்பையில், அவர்களின் மீன்குழம்பைச் சாப்பிட்டு வந்தேன். அவளுடைய பேணியோ என் கண்ணில் பட்டது. எட்டு வருடங்களாகப் பட்டுக்கொண்டிருந்தது.

போரில் தெற்குக்கான பாதை பூட்டிய பிறகு கொழும்புப் பெட்டிகள் நின்றன. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்சாரமும் நின்றதை எங்கள் வீடு ஒருவாறு தாங்கிக்கொண்டது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடம் நிறைவது அந்தக் காலத்திலா வரவேண்டும்? அம்மாவின் தமக்கை, கரவெட்டியில் இருந்த என் பெரியம்மா, தன் இருபத்தைந்தாம் வருடத்தை மூன்று அடுக்குக் கேக் வெட்டிக் கொண்டாடியவர். அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டு முன்மண்டபத்தில் தொங்கியது. எவரும் அதைப் பார்க்காமல் அங்கே தண்ணீர் குடித்துவிட முடியாது.

“ஐஞ்சு அடுக்கு,” என்றார் அம்மா. குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டிய ஊரில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில், ஐந்து அடுக்கு.

அந்த ஊரில் அப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவள் எங்களுக்குத் தெரிந்து ஒருத்திதான், என் சிநேகிதி. கன்னியாஸ்திரிகளிடம் தையலும் கேக்கும் பழகியவள். தன் உறவினர் இருவரின் கலியாணக் கேக்கை ஐசிங் பூவேலையோடு செய்து முடித்தவள். அம்மா விறாந்தைக்கு வந்து, அவளுக்கு எதிர்க் கதிரையில் இருந்து கேட்டார். அதுவரை அம்மா அவளுக்கு எதிரே இருந்ததில்லை.

“செய்யலாம் அன்ரி,” என்றாள் அவள். “ஆனால் உங்கடை குசினிக்குள்ளைதான் செய்யவேணும்.”

அவள் சொன்ன காரணம் நியாயமானது. குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபின் அவள் குடும்பம் ஆனைக்கோட்டையில் பாதி வீட்டில் இருந்தது. ஒரு குசினியில் மூன்று குடும்பம். அங்கே செய்தாலும், ஐந்தடுக்குக் கேக்கைச் சைக்கிள் கரியரில் வைத்து எங்கள் வீதியால் கொண்டுவந்தால், வந்து சேர்வது உதிரிப் பிட்டாகத்தான் இருக்கும். சொல்லாத காரணத்தைப் படலையடியில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

“எட்டு வருசம், எடி. உங்கடை குசினிச் சுவர் என்ன நிறமெண்டு எனக்குத் தெரியாது. ஒருக்கா உள்ளுக்கை நிண்டு பார்க்கவேணும். கேக் உங்களுக்கு, அது எனக்கு.”

இரண்டு நாள் யோசித்தபின் அம்மா நிபந்தனைகளை அறிவித்தார். பின்கதவால் வரவேண்டும். சுவாமி அறைப் பக்கம் திரும்பக்கூடாது. தண்ணீரை நான் மொண்டு கொடுப்பேன். முட்டைகளைக் கிணற்றடி முருங்கையின் கீழே உடைத்து, அடித்து, கலவையாக மட்டுமே உள்ளே கொண்டுவர வேண்டும்.

“உடைச்சுப்போட்டால் அது முட்டையில்லைப் பிள்ளை,” என்று அம்மா விளக்கினார்.

“உடைக்கிறதுக்கு முன்னம், அன்ரி?”

“அது உம்மடை கையிலை இருக்கேக்கை. உமக்கென்ன, நீங்கள் தின்னுறனீங்கள்தானே.”

அவள் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

சனிக்கிழமை காலையில் வந்தாள். சைக்கிள் கரியரில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து அலுமினியச் சட்டிகள். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்ததில் பளபளத்தன. எங்கள் வீட்டு அடுக்குச் சட்டியில் முட்டை பட்டால் அது பிறகு பொங்கலுக்கு உதவாது என்பதால் அவள் வீட்டுச் சட்டிகள். அம்மா தூர நின்று அவற்றைப் பார்த்தார்.

“உதிலை மீன் காய்ச்சினதோ பிள்ளை?”

“சீச்சீ, இல்லை அன்ரி,” என்றாள் அவள் மிகுந்த மரியாதையுடன். “கணவாய்தான்.”

பிறகு பின்கதவால் உள்ளே வந்தாள். நடுக்குசினியில் நின்று சுற்றிலும் பார்த்தாள். புகை படிந்த சுவர், கரி பிடித்த கூரை, மூலையில் விறகு, உறியில் ஒரு மோர்ச்சட்டி.

“கறுப்பு,” என்றாள் என் காதருகே. “எங்கடையும் கறுப்புத்தான். உதுக்கோ எடி இவ்வளவு?”

வேலை தொடங்கியது. சீனியை உரலில் இடித்துப் பழைய வேட்டித் துணியில் அரித்தோம். நான் முருங்கையின் கீழ் அவள் உடைத்த முட்டைகளை அடித்தேன். கோழிகள் சுற்றி நின்று பார்த்தன. அடுப்பில் எங்கள் பெரிய கிடாரத்தை ஏற்றி, அடியில் மணல் பரப்பி, அதன்மேல் மாக்கலவை ஊற்றிய சட்டியை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டினாள். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு, பேக்கரிச் சூளைபோல. “இதுதான் எங்கடை போறணை,” என்றாள். “பாண்காரன்ரை போறணைக்கு மட்டும் கொம்போ முளைச்சிருக்கு?”

முதல் அடுக்கு ஒரு மணி நேரத்தின் பின் ஓடாக வெளியே வந்தது. கூரையில் ஏற்றினால் மழை ஒழுகாது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு மாப்பேணிக்குள் கையை விட்டாள்.

“எடி விசரி, இது அவிச்ச மா!”

எங்கள் வீடுகளில் கோதுமை மா வந்ததும் வேகவைத்து அரித்துத்தான் பேணியில் போடுவது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுவே வேண்டும். அவிக்காத மா என்று ஒன்று உலகில் இருப்பதே எங்கள் குசினிக்கு மறந்துபோயிருந்தது. ஒருமுறை வெந்தது மறுபடி பொங்காது என்பதை அன்று ஆறு முட்டை செலவில் கற்றேன். அம்மா பக்கத்து வீட்டில் பச்சை மா வாங்கப் போனார். என்னத்துக்கென்று கேட்டவர்களிடம் பசை காய்ச்ச என்று சொன்னாராம். நாங்கள் இருவரும் அந்த ஓட்டைப் பிய்த்து, அடுப்படியில் குந்தியிருந்து தின்றோம். அவள் எங்கள் குசினியில் தின்ற ஒரே பண்டம் அதுதான்.

பிற்பகலில் ஐந்தும் வந்துவிட்டன. பச்சை மாவில், இருபத்துநான்கு முட்டையில், பொங்கிச் சிவந்த ஐந்து வட்டங்கள். இடையில் மாம்பழ ஜாம் பூசி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினாள். எங்கள் ஊரில் அடுக்கு அடுக்காக இருப்பவற்றுள் கீழ் அடுக்கு சம்மதித்து மேலதைச் சுமந்ததை நான் கண்டது அந்தக் கேக்கில் மட்டுமே. முட்டை வெள்ளையும் சீனித்தூளும் தேசிப்புளியும் சேர்த்து அடித்த ஐசிங்கை அவள் முழுதும் பூசி முடித்தபோது, அது கறுத்த சுவரின் முன் கோயில் கோபுரம் வெள்ளையடித்து நின்றதுபோல் இருந்தது. பூவேலையைக் காலையில் செய்வதாகச் சொல்லிவிட்டு, பொழுது படுமுன் சைக்கிளில் ஏறினாள். ஏறுமுன் திரும்பிக் குசினியைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவள் படலையைச் சாத்திக் கால் மணி நேரம் ஆகவில்லை. அம்மா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் கையில் மாவிலைக் கொத்துமாகக் குசினிக்குள் வந்தார். செத்த வீடு முடிந்து தீட்டுக் கழிப்பதுபோல, மூலை மூலையாகத் தெளிக்கத் தொடங்கினார். அவள் நின்ற இடம், குந்திய இடம், கை வைத்த அம்மி.

நான் வாசலில் நின்று கண்டேன். அப்போது நான் சொன்னது இதுதான்:

“அம்மா, கேக்கிலை படப்போகுது.”

வேறொன்றும் சொல்லவில்லை. எத்தனையோ புத்தகம் படித்தவள், அநியாயத்தைக் கண்டால் பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு கீறுபவள், கேக்கைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கவலைப்பட்டதோடு நிற்காமல், ஈ மொய்க்காமல் சோற்றுக்கு மேல் கவிழ்க்கும் பெரிய வலைக்கூடையை எடுத்து வந்து நானே கேக்கை மூடினேன். அம்மா நிம்மதியாகத் தெளித்து முடித்தார்.

வலைக்குக் கண்கள் உண்டு என்பது காலையில் தெரிந்தது. அவள் வந்து கூடையைத் தூக்கினாள். வெள்ளை ஐசிங்கின் மேல், உச்சியிலிருந்து அடிவரை, மஞ்சள் புள்ளிகள். சின்னச் சின்னதாக, முப்பது நாற்பது இருக்கும். அவள் ஒன்றை விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். சாணி மெழுகிய தரையிலும் அதே மஞ்சள் காய்ந்திருந்தது.

“அன்ரி, உதென்ன?”

“எனக்கென்ன தெரியும் பிள்ளை,” என்றார் அம்மா, அடுப்பைக் கிளறிக்கொண்டு. “பல்லி கில்லி ஏதும் இருக்கும்.”

“உங்கடை வீட்டுப் பல்லி மஞ்சள் பூசிக் குளிக்கும் போலை.”

அதன்பின் அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை உறியில் தொங்கிய மோர்ச்சட்டிக்கு மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு அசைவில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன், போயிருக்க வேண்டும். ஆனால் தன் கையால் செய்ததை அரைகுறையாக விட்டுப்போக அவளால் முடியவில்லை. மிச்ச ஐசிங்கைக் காகிதக் கூம்பில் நிரப்பி, ஒவ்வொரு மஞ்சள் புள்ளியைச் சுற்றியும் ஐந்து வெள்ளை இதழ் வைத்தாள். புள்ளி பூவின் நடுவாகியது. இரண்டு மணி நேரம் ஆனது. முடிந்தபோது ஐந்து அடுக்கிலும் பூக்கள் கொட்டிக் கிடந்தன. இடையே வெறுமையாக இருந்த ஓரிடத்தைக் காட்டி, “கொஞ்ச மஞ்சள் தாருங்கோ அன்ரி, இதிலை தெளிக்க மறந்துபோனியள்” என்றாள். அம்மா காது கேளாதவர்போல் வெளியே போனார்.

கேக் முன்மண்டபத்துக்குப் போனது. அவள் விறாந்தைக்குப் போனாள்.

விருந்துக்கு வந்த முப்பது பேரில் இருவகைப் பார்வை இருந்தது: ஐந்தடுக்கைக் கண்டு வியந்தவர்களின் பார்வை, பெரியம்மாவின் பார்வை. பெரியம்மா கேக்கைச் சுற்றி வலம் வந்தார்.

“எங்கையடி எடுத்தனீ? பூவெல்லாம் உயிரோடை இருக்குது.”

இங்கேதான் அம்மாவுக்குச் சிக்கல் வந்தது. வீட்டில் செய்தது என்றால் வீட்டுக்குள் முட்டை வந்திருக்க வேண்டும். இவள் செய்தாள் என்றால் குசினிக்குள் இவள் வந்திருக்க வேண்டும். இரண்டு நம்பிக்கையையும் ஒரே பொய்யால் காப்பாற்ற வேண்டிய நேரம். பேக்கரிகளின் பெயர்ப்பலகைகளெல்லாம் தூய தமிழுக்கு மாறியிருந்த காலம் அது. பொய்க்குக் கனம் சேர்க்க அம்மா அந்தப் புதுச் சொல்லையே எடுத்தார்.

“யாழ்ப்பாணத்திலை, அக்கா. ஒரு வெதுப்பகத்திலை சொல்லிச் செய்விச்சது.”

“அப்ப சைவக் கேக்தானே?”

“வேறை என்ன?” என்றார் அம்மா.

விறாந்தையிலிருந்து ஒரு குரல் வந்தது, தெளிவாக, பணிவாக: “ஓம் பெரியம்மா, இருபத்திநாலு முட்டை போட்ட சைவக் கேக்.”

அப்பா தொண்டையைச் செருமினார். பெரியம்மாவின் வாயில் இரண்டாவது துண்டு இருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். இருபத்துநான்கு முட்டைகளும் ஒரு பக்கம், ஐம்பது வருட ஆசாரம் மறுபக்கம். பிறகு மென்று விழுங்கினார்.

“உந்தப் பிள்ளை நல்ல பகிடிக்காரி,” என்றார். “இன்னொரு துண்டு வையடி தங்கச்சி.”

எல்லோரும் சிரித்தார்கள். நம்பிக்கை என்பது என்ன என்று படித்த நூல்களில் எனக்கு விளங்காதிருந்தது அந்த மூன்றாவது துண்டில் விளங்கியது.

உள்ளே எல்லோருக்கும் அலுமாரியிலிருந்து எடுத்த பீங்கான் தட்டுகளில் கேக் போனது. அவளுடைய பங்கை அம்மா பத்திரிகைத் தாளில் சுற்றி, “வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடும் பிள்ளை” என்று கொடுத்தார். நான் சற்றுத் தாமதித்து, மூக்குப்பேணியில் தேநீரோடு போனபோது கதிரையில் ஆளில்லை. தாள்சுற்று விறாந்தைச் சுவரில் இருந்தது. அதைக் காகங்கள் பிரித்துத் தின்றன. அவற்றிடம் யாரும் ஆசாரம் விசாரிக்கவில்லை.

பதினொரு நாள் கழித்து, அவளுடைய ஐந்து சட்டிகளையும் கரியரில் கட்டிக்கொண்டு ஆனைக்கோட்டைக்குப் போனேன். வழி முழுதும் அவை கிலுகிலுத்து என் வரவை அறிவித்தன. அவள் முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ கண்டனீதானே, கொம்மா தெளிக்கேக்கை?”

“கண்டன்.”

“என்ன சொன்னனீ?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வீட்டுப் பயிற்சி எனக்கும் இருந்தது.

“கேக்கை மூடவேணுமெண்டு சொன்னன்.”

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். “அந்த வலைக்கூடை?”

“நான்தான் மூடினது.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள். வந்தபின் எது எதுவென்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. “உனக்கு ஒண்டை ஒழுங்கா மூடவும் தெரியாது, எடி.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ இஞ்சை எப்பவும் வா. நான் உங்கடை படலை தாண்ட மாட்டன். கொம்மா வந்து தன்ரை வாயாலை, உள்ளுக்கை வா எண்டு கூப்பிட்டால் வருவன்.”

அன்றும் அவர்கள் குசினியில்தான் சாப்பிட்டேன்.

அவள் கேட்டதை நான் அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்ன ஒரே நல்ல காரியம். “ஆரவள் என்னைக் கூப்பிடச் சொல்ல?” என்றார் அம்மா. மூன்று வருடம் அப்படியே போனது. தொண்ணூற்றைந்தின் கடைசியில் இராணுவம் நெருங்க, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வகுப்பறை, வெளியே மூன்று கல் வைத்த ஒரே அடுப்பு. அவர்கள் கொண்டுவந்திருந்த சட்டிகளை எனக்குத் தெரியும்; நானே சுமந்தவை. அவற்றில் அவளுடைய தாய் சமைத்ததை அம்மா மாதக்கணக்கில் சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டும் வாங்கினார். மஞ்சள் அங்கேயும் இருந்தது, கறிக்குப் போட்டார்கள்.

“அங்கை தின்னலாமெண்டால் இஞ்சை கூப்பிட்டாலென்ன?” என்று வீடு திரும்பியதும் கேட்டேன்.

“அகதியா இருக்கேக்கை அது வேறை. இது வீடு,” என்றார் அம்மா, செம்பைத் தேடிக்கொண்டு.

பின்னாளில், முன்பே கனடாவுக்குப் போயிருந்த என் தம்பி அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்தான். பெரியம்மாவும் தன் படத்தைச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போனார். அங்கிருந்து அம்மா ஒருநாள் தொலைபேசியில், வயது தளர்த்திய குரலில், “உவளை உள்ளுக்கை கூப்பிட்டுத் தேத்தண்ணி குடு பிள்ளை” என்றார். நான் அதைக் குருநகருக்குத் திரும்பியிருந்த அவளிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

“வந்து கூப்பிடச் சொன்னனான்,” என்றாள், கோபமில்லாமல்.

அம்மா வரவில்லை. வரமுடியாத இடத்துக்கும் போய்விட்டார்.

மானிப்பாய் வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி மணியடிக்கிறாள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறேன்.